துடைக்காமல் விட்ட மூன்றாவது பொட்டு

பெயர் கமர் ஜஹான், வயது 47, தாயார் பெயர் அமீனா பீ. தொழில், தார்ப்பாயும் படகுப் பாயும் தைப்பது, பழுது பார்ப்பது. முகவரி, சிந்தாதிரிப்பேட்டை, அய்யா முதலி தெருப் பின்சந்து, முதல் மாடி. 15.10.2025 புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் முன்னிலையில் சொல்லியது.

இன்று காலை 10.40 மணிக்கு மருத்துவமனை வார்டில் மஹதி என்பவர் என்னிடம் சொன்னபடி, ஞாயிறன்று கடலில் பாய்ப்பலகை ஓட்டும்போது அடிபட்ட அவருடைய அண்ணன் நிரஞ்சனுக்கு நேற்று மாலை முதல் தெளிவான நினைவு இருக்கிறது. இடது தோளெலும்பு முறிந்துள்ளது, காதுக்குப் பின்னால் ஒன்பது தையல். தன் மேல் படகு மோதியதா என்று அவருக்குத் தெரியவில்லை, பாய் கிழிந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. படகு மோதியதாக அவருடைய தந்தை சுவாமிநாதன் கொடுத்த புகாரின் பேரில் ஊரூர் குப்பத்து மீனவர் தேசிங்கு மீது வழக்குப் பதிவாகி, அவருடைய பைபர் படகும் இன்ஜினும் ஞாயிறு மாலையிலிருந்து பிடித்து வைக்கப்பட்டுள்ளன. நிரஞ்சனுக்கு அந்தப் பாயைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும், அன்று அதைச் சரிபார்த்ததும் நான்தான். அது பற்றியே இந்த வாக்குமூலம்.

நிரஞ்சன் மயிலாப்பூரில் பெற்றோருடன் வசிப்பவர், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். பலகையின் மேல் நின்று, கையால் பாயைப் பிடித்துக் காற்றில் ஓட்டும் விளையாட்டை நான்கு ஆண்டுகளாகப் பழகி வருகிறார். கடந்த ஆகஸ்ட் மாதம் என் பட்டறைக்கு வந்து, இந்த ஆண்டு மழைக்கால அலையில் இறங்கப் போவதாகவும், அதற்குத் தாங்கக்கூடிய பாய் வேண்டும் என்றும் கேட்டார். அவரிடம் இருந்தது ஆறரை சதுர மீட்டர் பாய், அலையில்லாத தண்ணீருக்கானது. அலையில் விழுந்தால் உடைந்து வரும் தண்ணீரின் எடை முழுவதும் துணியின் மேல் இறங்கும், ஆகவே அளவு சிறிதாக இருக்க வேண்டும், ஒவ்வொரு துண்டும் உள்ளே நூல் வலை பதித்த பிளாஸ்டிக் பிலிமாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். வலை பதித்த பிலிமில் ஓட்டை விழுந்தால் ஓட்டையோடு நிற்கும். வலை இல்லாத கண்ணாடி பிலிமில் ஒரு புள்ளி பழுதானாலும் கிழிசல் தையல் வரைக்கும் ஓடிவிடும்.

அதன் பிறகு பாண்டிச்சேரியிலிருந்து பழைய பாய்கள் இரண்டை வரவழைத்துக் காட்டினேன். ஒன்று முழுக்க வலை பதித்தது. மற்றது நான்கே முக்கால் சதுர மீட்டர், நடுவில் மட்டும் கண்ணாடி பிலிம். நிரஞ்சன் இரண்டாவதை எடுத்தார். "அலை வர்றது கண்ணுக்குத் தெரியணுமே மேடம், இல்லேன்னா பஸ் கண்ணாடியில போஸ்டர் ஒட்டிண்டு ஓட்டற மாதிரி இருக்கும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கண்ணாடி பிலிமைச் சுற்றி இரட்டைத் தையல் போட்டு, ஓரங்களில் பட்டை வைத்துச் செப்டம்பர் 14 அன்று கொடுத்தேன். அன்று அதில் ஒரு கீறலும் இல்லை.

அலைப் பருவத்தில் முதல் தடவை இறங்கும் நாளில் நானே கடற்கரைக்குப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். ஈரத்துணியால் ஒவ்வொரு துண்டையும் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் பாயின் அடி ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்து இல்லாமல் என்னிடம் பாய் வாங்கியவர்கள் அலையில் இறங்குவதில்லை.

அக்டோபர் 12 ஞாயிறு பிற்பகல் இரண்டரை மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் நிரஞ்சன், அவருடைய தந்தை சுவாமிநாதன், தாயார் கோமளம் ஆகியோர் இருந்தனர். கிழக்குக் காற்று நன்றாக இருந்தது, அலை ஆள் உயரம். நிரஞ்சன் பாயைத் தாங்கும் மரத்தை அதன் உறையில் செருகி, கைப்பிடிக் கம்பைக் கட்டி, அடிக்கயிற்றை இழுத்தார். பாயில் சுருக்கம் இல்லாமல் அழகாக நின்றதும் நிறுத்திவிட்டார். அது போதாது, மேல் ஓரம் தளர்ந்து காற்றில் படபடக்கும் வரை இழுக்க வேண்டும், அப்போதுதான் மிஞ்சிய காற்று மேலே கழியும் என்று சொல்லி, நானும் சேர்ந்து இன்னும் நான்கு விரல்கடை இழுத்தேன். பூட்டியதில் குறை இல்லை.

அதன் பிறகு துடைக்க ஆரம்பித்தேன். பாயில் மூன்று இடங்களில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. மரத்தின் அடியில் ஒன்று, கைப்பிடிக் கம்பின் முனையில் ஒன்று, கண்ணாடி பிலிமின் நடுவே ஒன்று. ஆயுத பூஜைக்கு வைத்தது என்று நிரஞ்சன் சொன்னார். வலையை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்த தேசிங்கு, "இன்னா நைனா, பாய்க்குப் பொட்டு வச்சிக்கினு கீற, கண்ணாலமா?" என்று கேட்டார். "ஆமா நைனா, கடலோட" என்றார் நிரஞ்சன். எல்லோரும் சிரித்தோம். மூன்றாவது பொட்டு மற்ற இரண்டையும்விடப் பெரிதாக, தடிமனாக இருந்தது. துணியை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர்கள் வீட்டுச் சாமிக்கு வைத்ததை நான் துடைப்பது முறையல்ல என்று தோன்றியது. துடைக்கலாமா என்று கேட்கவும் இல்லை. சுற்றியுள்ள இடத்தை மட்டும் துடைத்துவிட்டு, அடி ஓரத்தில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றேகால் மணிக்கு நிரஞ்சன் இறங்கினார். இரண்டு அலைகளைத் தாண்டினார். மூன்றாவது அலை பாயின் மேல் உடைந்தது. பாய் சட்டென்று உப்பல் இல்லாமல் தொங்குவதைப் பார்த்தேன். அடுத்த அலை மரத்தைத் தூக்கி அவர் மேல் போட்டது. அதற்குப் பிறகே, முன்பே கடலுக்குள் போயிருந்த தேசிங்கின் படகு வடக்கிலிருந்து அவரை நோக்கித் திரும்பியது. சுவாமிநாதன் கரையிலிருந்து, "படகு இடிச்சுடுத்து! நான் பாத்துண்டே இருக்கேன்!" என்று கத்தினார். அவர் நின்ற இடத்திலிருந்து படகும் பாயும் ஒரே கோட்டில் தெரிந்திருக்கும். நான் அவருக்குத் தெற்கே அறுபது அடி தள்ளி நின்றேன்.

தேசிங்குதான் நிரஞ்சனைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார். ஆம்புலன்ஸ் போன பிறகு ஈரத்தோடு மணலில் உட்கார்ந்திருந்தார். "யம்மா, நான் இட்சிருந்தா அந்தாளு முயுசா வந்திருப்பாரா? பாய் பட்டுனு கிய்ஞ்சுது, மரம் வுயுந்துச்சு, தூக்கியாந்தேன். அதுக்குப் போயி படகைப் புட்சிக்கினு போறாங்களே. நாளைக்கு இன்னாத்துல தொயிலுக்குப் போறது?" என்றார்.

திங்கள்கிழமை காலை இந்த நிலையத்து முற்றத்தில் பாயை அடையாளம் காட்ட வந்தேன். கிழிசல் கண்ணாடி பிலிமில் மட்டும் இருந்தது, இரு பக்கமும் தையல் வரை ஓடி நின்றிருந்தது. வலை பதித்த துண்டுகளில் ஒரு நூல்கூட அறுபடவில்லை. இன்ஜின் விசிறி பட்டிருந்தால் நூலையும் சேர்த்தே அறுத்திருக்கும். கிழிசல் தொடங்கிய இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு பிலிம் சுருங்கி, கொப்புளம் விட்டு, கெட்டியாக இருந்தது. அது சூடு பட்ட பிலிம். மூன்றாவது பொட்டு இருந்த இடமும் அதுவே.

அதன் பிறகு இரண்டு நாள் யோசித்து, இன்று காலை மருத்துவமனைக்குப் போய் மஹதியிடம் கேட்டேன். பூஜையன்று மொட்டைமாடியில் காற்று அடித்ததால், கற்பூரம் அணையாமலிருக்கத் தட்டைப் பாயை ஒட்டிப் பிடித்ததாகவும், பிலிம் லேசாகச் சுருங்கியதும் அவருடைய தந்தை, "சுட்ட எடத்துல சந்தனம் வச்சா குளுந்துடும்" என்று சொல்லி அங்கே தடிமனாக அப்பியதாகவும் மஹதி சொன்னார். சுவாமிநாதன் இதை மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. கையில் சூடு பட்டால் செய்வதை அவர் பாய்க்குச் செய்தார், பிறகு மறந்துவிட்டார். மஹதி பேசும்போது பக்கத்தில் இருந்த கோமளம் அம்மாள், "நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ஈரத்துணியால தொடச்சிருப்பேனேம்மா. அது வெறும் சந்தனந்தானே" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. அங்கிருந்து கிளம்பி நான் இங்கே வந்தேன்.

பாயின் அடி ஓரத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது. அந்த ஒரு இடத்தைப் பொறுத்தவரை அது பொய்க் கையெழுத்து. தேசிங்கின் படகு மோதியதை நான் பார்க்கவில்லை, மோதியதற்கான அடையாளமும் பாயில் இல்லை.

பாய் சோதனைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றும், அறிக்கை வெள்ளிக்கிழமை வரும் என்றும் உதவி ஆய்வாளர் சொன்னார். வரும் திங்கள் தீபாவளி விடுமுறை என்பதால், படகைத் திருப்பித் தரக் கோரும் தேசிங்கின் மனு செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொள்ளப்படும். பாயை அனுப்பும் முன் உப்புப் போகக் கழுவலாமா என்று காவலர் ஒருவர் கடந்த திங்களன்று என்னிடம் கேட்டார், வேண்டாம் என்றேன். கொப்புளத்தின் மடிப்பில் இன்னும் கொஞ்சம் சந்தனம் இருக்கிறது. அதுவும் அப்படியே போயிருக்கிறது.

மேலே உள்ளதை இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ஒரு வரியையும் விடாமல் பார்த்துவிட்டேன், எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. அதன் பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
கமர் ஜஹான்
15.10.2025