மீன்காரப் பெட்டியின் பன்னிரண்டு துளைகள்

இந்த அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும், ஆழ்வார்திருநகரி தந்த ஓய்வுபெற்ற பொறியாளர், பெரியவர் ராஜகோபாலன் அவர்களே, பழைய ரயில் பெட்டி காப்போர் குழுவின் பொறுப்பாளர்களே, வலையை உதறிப் போட்ட கையோடு திரேஸ்புரத்துக் கரையிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, கூடையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, உடன்குடியிலிருந்து பஸ் மாறி வந்த ஆசிரியத் தோழர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் நாசரேத் ஈவாஞ்சலினின் மாலை வணக்கம்.

முப்பத்தோர் ஆண்டு பௌதிகம் கற்பித்தவள் நான். இந்தக் குழுவின் செயலாளர். இன்று என்னை மேடையேற்றியிருப்பது ஒரு தீர்மானத்தை முன்மொழிய. இதோ, என் கையில் இருக்கிறது. நான்கே வரி. நல்ல தாளில், நல்ல தமிழில், நாகரிகமாக எழுதியிருக்கிறார்கள். இதை வாசிக்குமுன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாண்டு உழைத்த பெட்டிக்கு மூன்று நிமிடம் கூடுதலாகக் கேட்பது குற்றமில்லை ஐயா.

எந்தப் பெட்டி அது? துறைமுகத்துப் பழைய தண்டவாளத்தில் உடைமரப் புதருக்குள் கிடந்ததே, மீட்டர்கேஜ் காலத்து மரப்பெட்டி, அந்தப் பெட்டி. மூன்றாண்டுக்கு முன் நாங்கள் ஓர் அலுவலகத்தில் போய் நின்றோம். அங்கே என்ன கேட்டார்கள் தெரியுமா? "வெள்ளைக்காரத் துரை யாராவது இதில் பயணம் செய்திருக்கிறாரா?" இல்லை என்றோம். "அப்படியென்றால் இதில் பாதுகாக்க என்ன இருக்கிறது?" என்றார்கள். துரை உட்கார்ந்த நாற்காலி என்றால் கண்ணாடிக் கூண்டு கட்டுவார்கள். நம் தாய்மார்கள் கூடையை மடியில் வைத்துக் குந்தியிருந்த பலகை என்றால் பழைய இரும்புக் கடைக்குக் கைகாட்டுவார்கள். இது என்ன நியாயம்? இது யாருடைய சரித்திரம்?

இந்தப் பெட்டிக்கு ஊர் வைத்த பெயர் மீன்காரப் பெட்டி. மீன் வாடை மற்றவர்களுக்கு ஆகாதாம். அதனால் வண்டியின் கடைசியில், எல்லாப் பெட்டிக்கும் பின்னால் இதை மாட்டினார்கள். உள்ளே ஒரு பெஞ்சு கிடையாது. இதோ இரண்டாவது நாற்காலியில் இருக்கிறாரே சுடலைச்செல்வி, பத்தொன்பது வயதில் இந்தப் பெட்டியில் கோவில்பட்டி வரை மீன் கொண்டுபோனவர். ஒருநாள் மழைக்குப் பயந்து முன்பெட்டியில் ஏறிவிட்டார். அடுத்த நிலையத்தில் கூடையோடு இறக்கிவிட்டார்கள். "கூடைய மட்டும் எறிஞ்சிருந்தா பெறக்கியிருப்பேன் டீச்சரம்மா, என்னையும் சேர்த்துலா தள்ளுனாவ" என்று அவர் என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெட்டியைக் காப்பதென்று நான் முடிவெடுத்தது அன்றுதான்.

முடிவெடுத்துவிட்டோம், கூடிவிட்டோம், குழுவுக்குப் பெயரும் வைத்துவிட்டோம், அதே அலுவலகத்துக்கு நடையாய் நடந்து அனுமதியும் எட்டு அடையாள அட்டையும் வாங்கிவிட்டோம். ஆனால் எங்களில் ஒருவருக்காவது உளி பிடிக்கத் தெரியுமா? தெரியாது. பொறியாளருக்கு வரைபடம் தெரியும், எனக்குச் சூத்திரம் தெரியும், கறையான் அரித்த பலகைக்கு இரண்டும் தெரியாது. அப்போது வந்தவர்தான் ரோச். தோணி கட்டுகிற தச்சர். ஞாயிறு பூசை முடித்து வருவார், பொழுது சாயும்வரை வேலை செய்வார். பலகையும் பலகையும் சேரும் இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார். தோணிக்குச் செய்கிற அதே கலப்பத்து. பார்த்துப் பார்த்துச் செய்தார் ஐயா. கடலில் தள்ளினால் கொழும்பு போய்ச் சேர்ந்திருக்கும் அந்தப் பெட்டி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இனிமேல் சிரிப்பு வராது.

பெட்டியின் தரையில் பன்னிரண்டு துளைகள் இருந்தன. கட்டைவிரல் நுழையும் துளைகள். அவற்றையும் மரக்கட்டை வைத்து அடைத்தோம். கதவின் அடி இடுக்கையும் விடவில்லை. ஜன்னல் பலகைகளை வர்ணம் பூசக் கழற்றியிருந்த வாரத்தில் கார்த்திகை மழை மூன்று நாள் கொட்டியது. நாலாம் நாள் அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். கதவைத் திறந்தார். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் அவர் காலணி மேல் இறங்கியது. புதுப் பலகைகள் ஊறி உப்பி எழும்பிக் கிடந்தன.

வெளியூர் போயிருந்து அன்றுதான் திரும்பியிருந்த சுடலைச்செல்வி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "இது ஐஸ் தண்ணி வடியுததுக்குப் போட்ட ஓட்டைலா. இத என்னத்துக்கு அடைச்சிய?"

நம் கடற்கரை மூளை அப்படி. அடியில் ஓட்டையைப் பார்த்தால் தண்ணீர் உள்ளே வரும் என்றுதான் நடுங்கும். வெளியே போவதற்கும் ஓட்டை வேண்டும் என்பது தோன்றாது.

"யார் அடைச்சது?" என்றார் அதிகாரி. நாங்கள் ஒன்பது பேர் நின்றோம். எட்டுப் பேர் கழுத்தில் அடையாள அட்டை. அட்டை இல்லாத ஒன்பதாவது ஆள்தான் வாய் திறந்தார். "நாந்தான் சார் அடிச்சேன்" என்றார் ரோச்.

அதற்கடுத்த வாரம் அலுவலகக் கடிதம் வந்தது. தகுதியற்ற படகுத் தொழிலாளர்களால் பெட்டிக்குச் சேதம் விளைந்ததாம். அவர்களை விலக்குவதாக வரும் திங்கட்கிழமைக்குள் உறுதிமொழி தந்தால் படித்தவர்களான நாங்கள் தொடரலாமாம். தராவிட்டால் பெட்டியை வெட்டி இரும்புக்குப் போட்டுவிடுவார்களாம். என் கையில் இருக்கும் நான்கு வரித் தீர்மானம் அந்த உறுதிமொழிதான்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டதால் ரோச் தகுதியற்றவரா? உப்பிய பலகைகளைத் தனியாளாகக் கழற்றி, காயவைத்து, இழைத்து, மறுபடி பூட்டியது யார்? கடிதம் எழுதியவரா? பன்னிரண்டு கட்டைகளையும் பிடுங்கியது யார்? கலப்பத்து அடித்தவர் கை காய்த்திருக்கிறதென்று கௌரவத்தைக் கழற்றச் சொல்கிறீர்களா?

பின்வரிசையில் கைதட்டும் அண்ணாச்சி, பொறுங்கள். கைதட்டலுக்கு நான் தகுதியானவள்தானா என்பதை இப்போது சொல்கிறேன்.

தரையைப் பூட்டிய நாளில் ரோச் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், ஓட்டையெல்லாம் ஒரே வரிசையா இருக்கு. யாரோ வேணும்னுதான் போட்டிருக்காங்க. கொஞ்சம் விசாரிச்சிட்டு அடைப்பமா?" என்றார். எனக்கு அவசரம். "ஓட்டை ஓட்டைதான் ரோச், அடைங்க" என்றேன். கேட்டவர் அவர். கேளாமல் அடைக்கச் சொன்னவள் நான். அதிகாரி கேட்டபோது என் நாக்கு எங்கே போயிற்று? அட்டை போய்விடுமோ என்று பயந்தேன். முப்பத்தோர் ஆண்டு பிள்ளைகளை உண்மை பேசச் சொல்லி முழங்காலில் நிறுத்திய நாக்கு, அன்று முழு ஊமையாகிவிட்டது. வெட்கப்படுகிறேன். இந்த மாலை நேரத்தில், உங்கள் எல்லார் முன்னாலும் வெட்கப்படுகிறேன்.

நேற்று ரோச் வீட்டுக்குப் போனேன். என்ன சொன்னார் தெரியுமா? "நான் போனா பெட்டி நிக்கும்லா டீச்சர். நிக்கட்டும், விடுங்க" என்றார். இந்த நிமிடமும் அந்தத் தென்னை மரத்தடியில் நின்று, வேண்டாமென்று எனக்குக் கைகாட்டுகிறார்.

விடமாட்டேன் ரோச். வாடை வீசுகிறதென்று மனிதர்களைக் கடைசியில் மாட்டிய பெட்டி இது. அந்த அநியாயத்தை ஊருக்குக் காட்டத்தானே இதைத் தூக்கி நிறுத்தினோம்? அதைக் காப்பதற்காக இன்னொரு மனிதரை இறக்கிவிட்டால், சுடலைச்செல்வியைக் கூடையோடு தள்ளிய கைக்கும் நம் கைக்கும் என்ன வித்தியாசம்? வர்ணம் பூசிய பெட்டிக்குள் நின்று வருகிறவர்களுக்கு எந்த முகத்தோடு கதை சொல்வோம்?

தலைவர் அவர்களே, தீர்மானத்தை நான் முன்மொழியவில்லை. இதோ மடித்து உங்கள் மேசையில் வைக்கிறேன். அதன்மேல் இந்தக் கட்டையையும் வைக்கிறேன், பன்னிரண்டில் ஒன்று. அடைக்கச் சொன்னவர் ஈவாஞ்சலின் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அதையே கையெழுத்திட்டு அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். விலக்க வேண்டுமானால் தவறு செய்தவளை விலக்கட்டும்.

பெட்டியை வெட்டிவிடுவார்களா? வெட்டலாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. திங்கள் காலை எட்டு மணிக்கு வருவார்கள். அப்போது பெட்டி வாசலில் ஒன்பது பேரல்ல, இந்தக் கரையே நிற்க வேண்டும். தாய்மார்களே, கூடையோடு வாருங்கள். இந்த முறை யாரும் உங்களை இறக்கிவிட முடியாது.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், மைக் கொடுத்த தம்பிக்கும், கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்ட தலைவருக்கும் என் நன்றி. இதோ என் அடையாள அட்டை. கழற்றிவிட்டேன். ரோச், தென்னை மரத்தடி போதும். மேடையில் என் நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள். நான் கீழே இறங்குகிறேன். வணக்கம்.