கதவுக்கு வெளியே நிற்கும் தோன்யா ஓடிலியா சமயோவா அவர்களுக்கு

எங்கள் மூத்த ஆசிரியையே, முதல் வாரத்தின் அரசியே, நான்கே நான்கு சொற்களைக் கொண்டு முப்பத்தோரு ஆண்டுகள் உலகத்துக்கு ஸ்பானியம் பேசக் கற்றுத்தந்த பெருந்தகையே!

வணக்கம். விடைபெறுபவரை நடுவில் உட்காரவைத்து எதிரே நின்று மடல் படிப்பதுதான் ஊர் வழக்கம். நாங்கள் தங்களை வெளியே நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து படிக்கிறோம். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். இது தாங்கள் ஏற்படுத்திய முறை. விழாவுக்காகத் தரையில் பைன் இலை பரப்பியிருக்கிறோம். சமையலறை டெல்மி சோளமாவை இலையில் பொதிந்து தமாலே அவித்திருக்கிறார். மரிம்பா வாசிக்கும் கலைஞர்கள் முற்றத்தில் தங்கள் அருகில்தான் இருக்கிறார்கள். அவர்களைச் சற்று அமைதியாக இருக்கச் சொல்லுங்கள்.

அன்திகுவா நகரில் மொழிப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. எல்லாப் பள்ளியிலும் முதல் நாள் பெயரும் ஊரும் சொல்லித் தருவார்கள். தாங்கள் மட்டும் 'முடியும், விரும்புகிறேன், வேண்டும், ஆக வேண்டும்' என்ற நான்கில் தொடங்கினீர்கள். இயக்குநர் தோன் எல்மர் ஒருமுறை காரணம் கேட்டார். "பேரை அப்புறம் சொல்லிக்கட்டும். தன்னால என்ன முடியும், தனக்கு என்ன வேணும், என்ன செஞ்சே ஆகணும்னு சொல்லத் தெரிஞ்சா போதும். எந்த ஊர்லயும் பிழைச்சுக்கலாம்" என்றீர்கள்.

அந்த நான்கு சொற்களுக்காகத் தாங்கள் உருவாக்கிய கதவு விளையாட்டுதான் இந்தப் பள்ளியின் பெருமை. துவைகல் தொட்டிக்கு அப்பால் இருக்கும் இந்தக் கடைசி அறை ஒரு வீடு. உள்ளே இருப்பவர் வீட்டுக்காரர். வெளியே நிற்கும் மாணவர் கதவைத் தட்டி "புவேதோ?" என்று அனுமதி கேட்க வேண்டும். வீட்டுக்காரர் முடியாது என்பார். மழை பெய்கிறது, கால் வலிக்கிறது, அம்மாவுக்குப் போன் பண்ணியாக வேண்டும் என்று மாணவர் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டும். காரணம் மனதைத் தொட்டால் மட்டும் கதவு திறக்கும். உள்ளே போனவர் புதிய வீட்டுக்காரர். பழையவர் வெளியே வந்துவிடுவார். இன்னொருவர் வந்து மாற்றும்வரை உள்ளே இருப்பவரின் முறை முடியாது. இது தாங்கள் வகுத்த விதி.

இந்த விளையாட்டில் நினெத்தைப் போல் ஒரு வீட்டுக்காரி வாய்த்ததில்லை. வயதில் இளையவர், எங்கள் ஆசிரியர் எஸ்துவார்தோவின் மனைவி, தங்களோடு இந்த அறையைப் பகிர்ந்துகொண்ட ஆசிரியை. ஆலங்கட்டி மழையில் ஒரு நார்வேக்காரரை நிற்கவைத்து, "குளிச்சிட்டிருக்கேன். போய் ரொட்டி வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். நனைந்த ரொட்டியோடு அவர் திரும்பி வந்தபோது, "இது நேத்து ரொட்டி" என்றார். முற்றமே சிரித்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நினெத் உள்ளே, ஒரு சுவிட்சர்லாந்துப் பெண் வெளியே. அந்தப் பெண்ணின் காரணம் எதுவும் எடுபடவில்லை. அதற்குள் தோன் எல்மர் மணி அடித்துவிட்டார். நினெத் கதவைத் திறந்து தலையை நீட்டி, "மணி அடிச்சா ஆட்டம் முடிஞ்சதா? என் முறை இன்னும் இருக்கு. திங்கட்கிழமையும் நான்தான் வீட்டுக்காரி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிமால்தெனாங்கோ சாலையில் நினெத் போன பேருந்து கவிழ்ந்தது.

எஸ்துவார்தோ பத்தாம் நாள் வேலைக்கு வந்தார். தெருவாசலை ஒட்டிய மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துவைகல் தொட்டியைத் தாண்டவில்லை. தன் காப்பிக் கோப்பையைக்கூட வாசல் குழாயில் கழுவினார். யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்றால், "இருக்கேன்" என்பார்.

அந்த ஆகஸ்டில்தான் ஜப்பானியரான செய்ஜி வந்தார். இரண்டாம் நாள் காலை, தாங்கள் சமையலறையில் இருந்தபோது, தானாகவே போய்க் கதவைத் தட்டிப் பழகியிருக்கிறார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று, காதில் விழுந்ததை எழுத்து எழுத்தாக ஒப்பித்தார். அர்த்தம் அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது. 'குளித்துக்கொண்டிருக்கிறேன், போய் ரொட்டி வாங்கி வாருங்கள்.'

டெல்மியின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. தாங்கள் மட்டும் பதறவில்லை. "எந்தக் குரல்?" என்று சைகையில் கேட்டீர்கள். அவர் பெண் குரலில் ஒரு சின்ன இருமல் இருமிக் காட்டினார். அது நினெத்தின் இருமல். அந்த அறை அன்று வெளியே பூட்டியிருந்தது. சாவி தங்கள் மேலங்கிப் பையில் இருந்தது.

அதற்குப் பிறகு தாங்கள் செய்ததைப் பாராட்டவே இந்த மடல். இரண்டு மழைக்காலம் முழுவதும், சொந்த அறை இருந்தும், அதன் வெளியே தாழ்வாரத்தில் முக்காலி போட்டுப் பாடம் நடத்தினீர்கள். சாரல் அடித்தது, முழங்கால் வீங்கியது. மாணவர்களைக் கதவு தட்ட விட்டீர்கள், ஆனால் ஒருவரையும் உள்ளே போக விடவில்லை. போலந்திலிருந்து வந்த ஒரு பாதிரியார், உள்ளே இருப்பவருக்காக ஜெபிக்க விரும்புகிறேன், விட்டே ஆக வேண்டும் என்று மனமுருகக் கேட்டார். தாழ்ப்பாள் அசைந்ததாம். அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "போதும் சாமி, காப்பி ஆறுது" என்று கூட்டிப்போனீர்கள்.

தோன் எல்மருக்குப் பொறுக்கவில்லை. "நான் வாடகை கொடுக்கிறது அறைக்கு, தோன்யா. தாழ்வாரத்துக்கு இல்ல."

"அப்போ நீங்களே போய் அவகிட்ட கேளுங்க."

அவர் விறைப்பாகக் கிளம்பினார். தொட்டிவரை போனார். திரும்பி வந்து, அங்கே பல்பு மாற்ற வேண்டும் என்றார். பட்டப்பகல்.

தாங்கள் பயந்துதான் யாரையும் உள்ளே விடவில்லை என்று நினைத்தோம். எங்கள் அறியாமையைப் பொறுத்தருள்க. யாராவது ஒருவர் உள்ளே போய்விட்டால் நினெத்தின் முறை முடிந்துவிடும். எஸ்துவார்தோ ஒருநாள் தொட்டியைத் தாண்டி வருவார், அதுவரை முடியக்கூடாது என்று தாங்கள் காவல் இருந்திருக்கிறீர்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஸ்துவார்தோவிடமும் நாங்கள் யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. தான் வந்ததும் சமையலறைப் பேச்சு நிற்பதை வைத்தே தெரிந்துகொண்டார். போய்த் தட்டினால் பதில் வருமோ என்று பயம். வராதோ என்றும் பயம். இரண்டுக்கும் நடுவில் அந்த வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தார்.

தாங்கள் ஓய்வு பெறும் வெள்ளிக்கிழமை நெருங்கியது. தோன் எல்மர் சென்ற புதன்கிழமை ஓர் அறிவிப்பை ஒட்டினார். அறையை மிதிவண்டிக் கடைக்கு விடப்போகிறார். சனிக்கிழமை தச்சர் வந்து கதவைக் கழற்றுவார்.

வியாழக்கிழமை பிற்பகல் ஊருக்கு அப்பால் எரிமலை உறுமிக்கொண்டிருந்தது. முற்றத்தில் பாடம் நடக்கும் மேசைகளில் மெல்லிய சாம்பல். தாங்கள் எஸ்துவார்தோவின் மேசைக்குப் போனீர்கள்.

"கதவு போச்சுன்னா வீடு இல்ல. வீடு இல்லாம வீட்டுக்காரி எங்கே போவா? எனக்கு வயசாச்சு எஸ்துவார்தோ. சனிக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேன். ஒண்ணு நீ போ, இல்ல நான் போறேன்."

"நான் போனா முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்சிடும்."

அவர் காப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்தார். எழுந்து தெருவுக்குப் போனார். ஓடிவிட்டார் என்றே நினைத்தோம். கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். சூடு ஆறாத ரொட்டி. தொட்டியைத் தாண்டினார். மேசைகளில் பாடம் நின்றது. முந்தின நாள் வந்த மாணவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

அவர் பேசியது மட்டும் எங்களுக்குக் கேட்டது. இடையில் விழுந்த மௌனங்கள் ஒவ்வொன்றும் ஒரு பதிலின் நீளம் இருந்தது. அந்தப் பதில்களை அவர் அன்று சமையலறையில் ஒரே ஒருமுறை சொன்னார். சேர்த்து எழுதுகிறோம்.

"உள்ளே வரலாமா?"

"எதுக்கு?"

"உன்னைப் பார்க்கணும்."

"முடியாது. தலை வாரல."

"பேசணும்."

"இப்போ என்ன பண்ணிட்டிருக்கோம்?"

"ரொட்டி கொண்டு வந்திருக்கேன். இன்னைக்குப் போட்டது."

"அது எல்லாரும் கொண்டு வர்றதுதான்."

அவர் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டார். மழையில்லாத மார்ச் மாதம். ஆனால் அவருடைய நெற்றிபட்ட பலகை நனைந்திருந்ததாகப் பிறகு டெல்மி துடைத்தபோது சொன்னார்.

"நினெத், எனக்கு ஒண்ணும் வேணாம். நீ ரொம்ப நேரமா உட்கார்ந்திருக்க. நீ போகணும். நான் உட்கார்றேன்."

அதற்கு வந்த பதில் ஒரே சொல். "வா."

பூட்டு தங்களிடம் இருந்த சாவிக்குக் காத்திருக்கவில்லை. கதவு திறந்தது. எஸ்துவார்தோ உள்ளே போனார். அதே நேரம் முற்றத்தில் நின்ற நாங்கள் அத்தனை பேரும், மாணவர்கள் உட்பட, இரு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டோம். யாரும் சொல்லி ஒதுங்கவில்லை. தாங்கள் மட்டும் தெருவாசல் பக்கம் திரும்பி, "பார்த்துப் போம்மா" என்றீர்கள்.

தச்சர் வரவில்லை. அறையை எஸ்துவார்தோ தன் வகுப்புக்கு எடுத்துக்கொண்டார். தோன் எல்மர் அறிவிப்பைக் கிழித்துவிட்டு, பல்பு மாற்றினார். திங்கட்கிழமை ஒரு புதிய மாணவி வந்து தட்டினாள். எஸ்துவார்தோ உள்ளேயிருந்து முடியாது என்றார். ரொட்டி கேட்கவில்லை. நினெத்தின் குரல் பிறகு யாருக்கும் கேட்கவில்லை. எஸ்துவார்தோ அதைத் தேடுவதும் இல்லை. பிற்பகலில் தொட்டியில் கோப்பை கழுவுகிறார்.

இனி இன்றைய விஷயம். விழாவை இந்த அறையில் வைப்பதென்று முடிவானதும் டெல்மி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "தோன்யா தட்டி, கேட்டு, உள்ளே வந்தாங்கன்னா அவங்கதானே அடுத்த வீட்டுக்காரி? எஸ்துவார்தோ தினமும் வர்றார். இவங்க முறையைப் பாக்கி வெச்சிட்டு எப்படி வீட்டுக்குப் போவாங்க?" முதலில் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.

ஆகவே, முப்பத்தோரு ஆண்டுகளில் யாருக்கும் தராத ஒன்றைத் தங்களுக்குத் தருகிறோம். தாங்கள் தட்ட வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாம். கேட்காமல் வருகிறவர்களுக்கு இந்த விளையாட்டில் முறை கிடையாது. அவர்கள் சாப்பிட்டுவிட்டு, விரும்பும்போது எழுந்து போகலாம். தங்கள் முழங்கால் வலி தீரட்டும். பேரப்பிள்ளைகள் சூழ, நல்ல உடம்போடு, நிறைந்த வயதுவரை வாழுங்கள். எந்தக் கதவுக்குப் பின்னாலும் தங்கள் முறை பாக்கி இல்லாமல் இருக்கட்டும்.

மடல் முடிந்ததும் உள்ளே ஒருவரும் பேச மாட்டோம். ரொட்டி உண்டா என்று யாரேனும் கேட்பதுபோல் இருந்தால் பதில் சொல்ல வேண்டாம்; சொன்னால் ஆட்டம் தொடங்கிவிடும். தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளினால் திறக்கும்.

தங்கள் அன்பை மறவாத,
கடைசி அறையிலும் முற்றத்திலும் பணிபுரியும் ஆசிரியர்கள், சமையலறையினர், இயக்குநர்