எதுவும் மாறக் கூடாத பள்ளிக்கூடம்

எனக்குப் பள்ளிக்கூடங்கள் என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். விசாரணை அதிகாரியான உங்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே தாழ்வாரத்தில் நிற்கும் பெற்றோர்கள் என்னைப் பற்றி வேறு மாதிரி பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். பள்ளிக்கூடங்களை எப்படி முன்னேற்றுவது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்காக ஐந்து வருட ஆய்வு ஒன்றைத் தொடங்கினோம். ஒரு பள்ளிக்குக் கூடுதல் நிதி, புதிய விதிமுறைகள், தலைமையாசிரியருக்கு நிர்வாகப் பயிற்சி என்று எல்லாம் கொடுப்பது. அதே அளவுள்ள இன்னொரு பள்ளிக்கு ஒன்றுமே கொடுக்காமல் அப்படியே விட்டுவைப்பது. கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கொடுத்தது பலித்ததா என்று தெரிந்துவிடும்.

சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஒன்றும் கிடைக்காத பள்ளியாக வந்தது என் மகள் படிக்கும் பள்ளி. மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுபடி குலுக்குவது முறையல்ல என்று சொல்லிவிட்டேன். வீட்டில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதையும் அன்றோடு நிறுத்தினேன். அதுவும் வெளி உதவிதானே.

முதல் வருடம் அந்தப் பள்ளி தங்கமாக நடந்துகொண்டது. சராசரி ஒரு மதிப்பெண்கூட ஏறவில்லை. இரண்டாம் வருடம்தான் வினை வந்தது. என் கொழுந்தியாளை அங்கே தலைமையாசிரியையாகப் போட்டார்கள். அவளுக்குச் சும்மா இருக்கவே வராது. வந்த மாதமே, பெற்றோர்களில் தச்சு வேலை செய்யும் ஒருவரைப் பிடித்து, கழிப்பறைக் கதவுகளுக்கெல்லாம் தாழ்ப்பாள் போட வைத்தாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் எல்லாரும் கதைப் புத்தகம் படிக்க வேண்டும் என்றாள். ஆறே மாதத்தில் சராசரி எட்டு மதிப்பெண் ஏறியது.

யோசித்துப் பாருங்கள். நிதி வாங்கிய பள்ளி ஏறியது நாலு மதிப்பெண். ஒன்றும் வாங்காத பள்ளி எட்டு ஏறினால், இனி எந்தப் பள்ளிக்கும் நிதியே வேண்டாம் என்று மேலிடம் கையை விரித்துவிடாதா? எத்தனை ஆயிரம் பிள்ளைகள் வாயில் மண் விழும்? அவர்களுக்காகத்தான் நான் இறங்கினேன்.

மாதம் ஒருமுறை ஆய்வுக்குப் போகும்போது பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோய், தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் நானூறு புத்தகங்கள் கொடுக்க வந்தார். அங்கே ஒரே கரையான் என்று சொல்லி அவரை அடுத்த பள்ளிக்குத் திருப்பிவிட்டேன். கணக்கு டீச்சர் அபாரமாகப் பாடம் நடத்தினார். பதவி உயர்வுக்குப் பரிந்துரை செய்து, அவரை வெகுதூரத்துக்கு அனுப்பி வைத்தேன். இன்றைக்கும் அவர் எனக்கு நன்றிக் கடிதம் எழுதுகிறார்.

கொழுந்தியாள் அசரவில்லை. கணக்குப் பாடத்தைத் தானே எடுக்க ஆரம்பித்தாள். தாழ்ப்பாள் விஷயத்தை மட்டும் என்னிடமே வந்து புலம்பினாள்.

"எவனோ வேலை மெனக்கெட்டுக் கழட்டிட்டுப் போறான் அத்தான். பொம்பளப் புள்ளைங்க கூச்சப்பட்டுக்கிட்டு நாள் பூரா தண்ணியே குடிக்க மாட்டேங்குதுங்க."

"மனுஷனா அவன்?" என்றேன். எனக்கும் உண்மையாகவே கோபம் வந்தது.

"நீங்க ஒருத்தர்தான் மாசம் தவறாம வந்து பாக்குறீங்க," என்று டீ கொடுத்தாள்.

ஐந்தாம் வருடக் கடைசியில் கணக்குத் தேர்வு வந்தது. அதில் தேறினால்தான் மேல்வகுப்பு. அறுபத்திரண்டு பிள்ளைகளும் வெளுத்து வாங்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் மகளும் அவர்களில் ஒருத்தி. அவளுடைய சித்தி அவளை அப்படித் தயார் செய்திருந்தாள். நான் தேர்வுத் துறையின் பெயரில் போலி முத்திரை வைத்து ஒரு கடிதம் தயாரித்தேன். தேர்வு மையத்தில் இட நெருக்கடி, ஆகவே உங்கள் பள்ளிக்கு மட்டும் காலை பத்து மணிக்குப் பதிலாக மதியம் இரண்டு மணி. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தேர்வன்று காலையில் மகள் கேட்டாள். "அப்பா, பக்கத்து வீட்டு அக்கா இப்பவே பரீட்சைக்குப் போறாளே. எங்களுக்கு மட்டும் ரெண்டு மணியா?"

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்மா. நிதானமா சாப்பிட்டுட்டுக் கெளம்பு."

அவள் நம்பினாள். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் அல்ல.

இரண்டு மணிக்கு அவர்கள் போனபோது, காவலாளி மையத்தின் கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாராம். "பரீட்சையா? அது ஒரு மணிக்கே முடிஞ்சுபோச்சேம்மா," என்றாராம். கொழுந்தியாள் எனக்குப் போன் செய்தாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது.

"அத்தான், உங்களையும் எவனோ நல்லா ஏமாத்திட்டான்," என்றாள். அப்போதும் அவளுக்கு என்மேல் சந்தேகம் வரவில்லை. அந்த முத்திரை என் அலமாரியில் இருந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள்.

ஆம், கடிதம் நான் எழுதியதுதான். தாழ்ப்பாள்களைக் கழற்றியதும் நான்தான். பதினேழும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. ஆய்வு முடிந்ததும் நானே மாட்டிவிடுவதாக இருந்தேன். மகள் இரண்டு வாரமாக என்னை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது. நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அறுபத்திரண்டு பேருக்கும் நாளை மறுதேர்வு வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஆய்வு முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரைக்கும் தயவுசெய்து அந்தப் பள்ளிக்கு யாரும் எந்த உதவியும் செய்துவிடாதீர்கள்.