பட்டறையில் செய்த வைரவர்

"விழுந்து படுங்கோ! ஷெல் குத்துறான்!"

படுக்கிறேன். சேறு. தூரத்தில் 'டும்'. பன்னிரண்டு எண்ணினால் விழும். எண்ணுகிறேன். விழுகிறது. என்மேல் இல்லை. எழும்புகிறேன். 1995, ஐப்பசி மழை. நாவற்குழிப் பாலம். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடும் சனம், அசைய வழியில்லை. சைக்கிள் கரியரில் டேப் ரெக்கோடர், அண்ணன் குவைத்திலிருந்து அனுப்பியது. முதுகில் சாக்கு. உள்ளே எங்கள் ஊர் வைரவரின் இரும்புச் சூலம்.

வேப்பமரத்தடியில் சாமியாகவே நின்ற அதைப் பூரணம் மாமிதான் பிடுங்கித் தந்தார். நடக்க ஏலாதவர். "ஆமிக்காரன்ர காலுக்குள்ள இவரை விடாதை. நீ கொண்டுபோ. நான் பிறகு வாறன்" என்றார்.

முனை முதுகைக் கிழித்தது. இரண்டில் ஒன்றைத்தான் சுமக்கலாம். எனக்கு இருபத்திரண்டு வயது. பாட்டுப் பைத்தியம். சாக்கைப் பாலத்துக்கு வெளியே எறிந்தேன். அந்த இரைச்சலில் தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

முகாமில் ஊரார் கேட்டார்கள். பத்திரமாக இருக்கிறது என்றேன்.

இப்போது பஹ்ரைன். குதைபியாவில் எங்கள் ஊர்க் குடும்பங்கள் ஆறு. வெள்ளிக்கிழமை டியூட்டி இல்லை. என் வீட்டில் கூடுவோம். சூலத்துக்கு வடைமாலை சாத்துவோம். ஊரைக் காணாத பிள்ளைகள் அதன்முன் நின்று எந்த ஒழுங்கை எந்தத் தெருவில் ஏறும், எவர் வளவு எங்கே, எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று ஒப்புவிப்பார்கள். ஊரிலிருந்து வந்தது என்று அவர்கள் நம்பும் அந்தச் சூலம் இங்கே பட்டறையில் செய்தது. வெல்டர் முருகேசன், ராமநாதபுரத்துக்காரர். "புதுசா தெரியுதுண்ணே. ஆசிட் ஊத்தித் துரு ஏத்தித் தரட்டுமா?" என்று கேட்டார். ஏற்றுங்கள் என்றேன். வெட்கங்கெட்டவன் நான்.

இந்த வருடம் ஆமி பிடித்து வைத்திருந்த எங்கள் காணிகளை விட்டது. வைரவர் கோயில் திரும்ப எழும்புகிறது. இங்கே பிறந்த என் மகள் தாரணி துள்ளினாள்.

"அப்பா, லீவுக்குப் போகேக்க சூலத்தைக் கொண்டுபோய் அதே இடத்தில நடுவம். ஊருக்கு மெசேஜ் போட்டுட்டன்."

மாமி நின்ற மண்ணில் அந்தப் பொய்யை நட எனக்குக் கை வராது.

நேற்று வெள்ளி. பூசைக்கு முன்னே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பாலம், டேப் ரெக்கோடர், ஆசிட், எல்லாம். தாரணி கையிலிருந்த வடைமாலையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் ஆரைக் கும்பிட்டனாங்கள்?"



இழந்ததை எழுதுகிறேன். வீடு ஒன்று. கிணறு ஒன்று. மாடு இரண்டு, கட்டவிழ்த்து விட்டோம். பூரணம் மாமி, வரவேயில்லை. இவ்வளவும் போர் எடுத்தது. சூலம் ஒன்று. அதை நான் எறிந்தேன். நேற்றிலிருந்து மகள் என்னோடு கதைக்கவில்லை. அதையும் என் கணக்கில் சேருங்கள்.