பச்சைப் புள்ளி

டீக்கு நன்றி, மேடம். டீயில் குறையில்லை, பேப்பர் கப்தான் உறுத்துகிறது. ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே பீங்கான். இங்கே ஸ்டேஷனில் உறிஞ்சினால் நாக்கில் காகிதம் ஒட்டுகிறது. இதை வாக்குமூலத்தில் எழுத வேண்டாம்.

எழுத வேண்டியது இது. என் பெயர் குருமூர்த்தி. பாலக்கரையில் மாடியில் ஓர் ஆபீஸ், சில கம்ப்யூட்டர், ஒரு ஏசி. செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தை வரைபடமாக்குவது என் தொழில். நீங்கள் உள்ளே வைத்திருக்கும் லாரி டிரைவர் தமிழ்ச்செல்வனை விட்டுவிடுங்கள். அவனுக்காக இரக்கப்பட்டு நான் வரவில்லை. இன்றைய பேப்பரில் ‘மூடப்படாத பள்ளத்தில் பெண் பலி’ என்று போட்டிருக்கிறார்கள். அந்த ‘மூடப்படாத’ என்ற சொல்லைத் திருத்தத்தான் வந்தேன்.

பீங்கானுக்குக் களிமண் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைய. அவற்றைக் கண்டுபிடித்து, மூடி, மூடியதை வரைபடத்தில் காட்ட அரசு மானியம் வந்தது. மானிய ஒப்பந்தத்தில் ‘புவிசார்’ என்ற சொல் இல்லாத பக்கமே கிடையாது. ‘பள்ளம்’ என்ற சொல்லைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். தொடக்க விழாவில் திட்ட இயக்குநர், விண்வெளியிலிருந்தே விருத்தாசலத்தைக் காப்பாற்றப் போவதாக முக்கால் மணி நேரம் பேசினார். மேடைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. பந்தல்காரர் அதன் முன்னால் சாமியானாத் துணியை இழுத்துக் கட்டியிருந்தார். திட்டத்தில் முதலில் மூடப்பட்ட பள்ளம் அதுதான்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் மூடிய பின் அங்கேயே நின்று எடுத்த படம் ஏற்ற வேண்டும். எந்த இடத்தில் எடுத்தது என்ற ஜியோடேக் படத்திலேயே பதிந்திருக்க வேண்டும். எல்லாம் மார்ச்சுக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும். கட்டிக்கொடுத்த மகள் திரும்பி வந்தால்கூட அதிகாரிகள் தாங்கிக்கொள்வார்கள், மானியம் திரும்பிப் போவதைத் தாங்கமாட்டார்கள். அந்த வருஷம் பொங்கல் தாண்டியும் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. லாரி கிட்டே போக முடியாது. நான் எங்கள் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் காலிமனையைப் பல பக்கங்களிலிருந்து படம் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளத்தின் இடத்தைப் பதித்து ஏற்றினேன். பொய்ப் படம் என்று எழுதாதீர்கள் மேடம். முன்கூட்டியே எடுத்த படம். சமதளம் எங்கே இருந்தாலும் சமதளம்தானே.

வரைபடம் அழகாக வந்தது. சிவப்பாக இருந்த பள்ளங்கள் எல்லாம் பச்சையாக மாறின. இயக்குநர் அதைப் பெரிதாக அச்சடித்து அறையில் மாட்டிக்கொண்டார். ஆறு மாதம் யாருக்கும் தொந்தரவில்லை. பிறகுதான் ராஜாம்பாள் வந்தாள்.

நல்லூர் பக்கம் முந்திரிக் காடு வைத்திருந்த அம்மா. புருஷன் இல்லை, காவியா என்று ஒரு மகள். காட்டை ஒட்டி ஒரு பள்ளம். ஒவ்வொரு மழைக்கும் கரை சரிந்து பள்ளம் காட்டுக்குள் நகர்ந்துகொண்டிருந்தது. மரங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. இன்னும் இரண்டு மழை தாண்டினால் காடே இருக்காது என்றாள். நான் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பச்சையைக் காட்டினேன்.

“மூடியாச்சேம்மா.”

“அங்க ஆளு முழுவுற பள்ளம் கெடக்குது சாரு. உங்க பொட்டியில மட்டும் மூடிக்கிச்சா? அப்ப உள்ள போன என் மரமெல்லாம் இந்தப் பொட்டியிலதான் காய்க்குதா? ரெண்டு படி கொட்டை இருந்தா குடுங்க, எடுத்துக்கினு போறேன்.”

ஆபீசில் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நான் கோபப்படவில்லை. ஆதாரம் கேட்டேன். மறுவாரம் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்ட படம் கொண்டுவந்தாள். பள்ளம்தான், பெரிய பள்ளம். “இதில் இடம் பதியலையேம்மா. எங்க வேணா போயி எந்தப் பள்ளத்தை வேணா எடுத்துட்டு வரலாம் இல்லையா? அப்படியெல்லாம் செய்யறவங்க இருக்காங்க” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு நா கூசவில்லை. விதி அதுதான். அந்த விதிமுறைக் கையேட்டை எழுதியதே நான்.

எங்கள் ஆப்பை அவள் மகளின் போனில் நானே ஏற்றிக் கொடுத்தேன். இதை நல்லெண்ணம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று எடுத்தால் பக்கத்துக் காட்டின் இடம் பதிந்துவிடும், பள்ளத்தின் அடியில் இறங்கி நின்று எடுக்க வேண்டும், போனில் பச்சைப் புள்ளி வரும்வரை அசையக்கூடாது, எடுத்ததும் படம் தானாகவே எங்கள் தளத்துக்கு வந்துவிடும் என்று விளக்கினேன். சுவர் உயர்ந்த பள்ளத்தில் செயற்கைக்கோள் சட்டென்று அகப்படாது, வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும். அதையும் சொன்னேன்.

“நிக்கறேன் சாரு. காடு போறதுக்கு, நிக்கறதா கஷ்டம்?”

கோடைக்கு முன் இறங்கத் தண்ணீர் விடாது. இந்தக் கோடையில் தண்ணீர் வற்றியதும் அவள் கடலூர் போய்க் கலெக்டரிடம் திங்கட்கிழமை மனுவும் கொடுத்துவிட்டாள். இயக்குநர் வியாழக்கிழமை டிரோனோடு நேரில் வந்து பார்ப்பதாகச் செய்தி வந்தது.

இங்கே எல்லோரும் ஒரு தவறு செய்கிறார்கள். வரைபடமும் நிலமும் ஒத்துப்போகவில்லை என்றால் வரைபடத்தைத் திருத்தப் பார்க்கிறார்கள். நான் நிலத்தைத் திருத்தினேன். புதன்கிழமை காலை சூளைகளில் வெடித்துத் தள்ளுபடியான சரக்கை லாரி லாரியாக ஏற்றச் சொன்னேன். கக்கூஸ் பேசின், மின்கம்பத்துப் பீங்கான், கை உடைந்த கொலு பொம்மை. எடுத்துப் போனால் போதும் என்று கம்பெனிக்காரர்கள் சந்தோஷமாகக் கொடுத்தார்கள்.

முதல் லாரி தமிழ்ச்செல்வனுடையது. அவன் பின்பக்கமாக வந்தான். பள்ளத்தின் விளிம்பில் நின்று கைகாட்டியது நான். ரிவர்ஸில் வரும் டிரைவருக்குக் கண்ணாடியில் தெரிவது கைகாட்டுகிறவன் மட்டும்தான். பள்ளத்தின் அடி தெரியாது. எனக்குத் தெரிந்தது. அங்கே ராஜாம்பாள் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம்.

“சாரு! மூட வந்துட்டீங்களா? தோ, மேல ஏறிடறேன். இந்தப் பச்சைதான் வர மாட்டேங்குது.”

நான் யோசித்தேன். அவசரத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். அவள் மேலே வந்தால் படத்தோடு வருவாள். என் ஆப்பில், என் விதிப்படி, பள்ளத்தின் அடியில் நின்று எடுத்த படம். ஒரு பச்சை சிவப்பாகும். அப்புறம் மற்ற பச்சைகளையும் தோண்டுவார்கள். ஒரு முந்திரிக் காட்டுக்காக ஒரு மாவட்டத்தின் வரைபடத்தையே கிழித்துப் போடலாமா? நீங்களே சொல்லுங்கள்.

“அசையாதீங்கம்மா, வந்துடும்” என்றேன். தமிழ்ச்செல்வனைப் பார்த்து, “வா, வா, ரைட்ல ஒடி, நேரா வா” என்றேன். “ஹோல்டான், கொட்டு” என்றேன்.

பீங்கான் கொட்டும்போது வேறு எந்தச் சத்தமும் கேட்காது. அடுத்த லாரிகளுக்கும் நானே கைகாட்டினேன். சாயங்காலத்துக்குள் மேலே செம்மண் பரப்பி ரோலர் விட்டாயிற்று.

வியாழக்கிழமை டிரோன் பறந்தது. இயக்குநர் அந்த மண்மேல் நின்று இளநீர் குடித்தார். “இதுதான் குருமூர்த்தி, தொழில்நுட்பம்” என்று என் கையைக் குலுக்கினார். காவியா அன்றைக்கே அம்மாவைக் காணோம் என்று உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் சொன்ன இடத்தில் நேற்று நீங்கள் தோண்டினீர்கள். மூடியிருந்ததால்தானே தோண்ட வேண்டியிருந்தது? அப்புறம் எப்படி ‘மூடப்படாத’ என்று போடுகிறார்கள்? அந்த அம்மா தவறியும் விழவில்லை. படியாக வெட்டிய கரைவழியே பத்திரமாக இறங்கினாள். பள்ளத்தை மூடச் சொல்லிக் கேட்டாள், மூடினேன். அவளுடைய முந்திரிக் காடு இனிமேல் சரியாது. போய்ப் பாருங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. புதன் மாலை ஆபீசுக்கு வந்து தளத்தைத் திறந்தேன். புதிதாக ஒரு படம் வந்திருந்தது. கடைசியில் பச்சை வந்திருக்கிறது போலும். கீழிருந்து மேலே பார்த்து எடுத்த படம். கொஞ்சம் ஆகாயம், லாரியின் பின்கதவு, விளிம்பில் கையை உயர்த்திக்கொண்டு நான். இடம் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. இந்தத் திட்டத்தில் சொன்ன இடத்திலேயே போய் நின்று எடுத்த படம் அது ஒன்றுதான்.

விதிப்படி அதை நிராகரித்தேன். காரணம் கேட்கும் கட்டத்தில் ‘இவ்விடத்தில் பள்ளம் எதுவும் இல்லை’ என்று எழுதினேன்.

எழுதிய நேரத்தில் அது உண்மை, மேடம்.