உலைச் சுவரில் ஏழு நிமிடம்

நான் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்கு பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் வியர்வையில் மணிக்கட்டு அரிக்கும். கடிகாரத்துக்குள் வைக்கும் எலக்ட்ரானிக் போர்டுகளைச் செய்கிறவன் இப்படி இருக்கிறானே என்று ஆலையில் கேலி செய்வார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், ஐயா. முதலில் இதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. கடிகாரத்துக்குள் அரிசி அளவில் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அதிரும். அந்த அதிர்வை எண்ணித்தான் நேரம் கணக்காகிறது. சாதாரண அறை வெப்பத்தில் ஒழுங்காக ஓடும். சூடானால் மெதுவாகும். வேடிக்கை என்னவென்றால், குளிர்ந்தாலும் மெதுவாகத்தான் ஆகும். அதனால் பக்கத்தில் ஒரு சென்சார் வைத்து வெப்பத்தை அளந்து, எவ்வளவு பின்தங்குமோ அவ்வளவைக் கூட்டிக் கொடுக்கிறோம்.

இந்தத் திருத்தத்தைச் செய்யும் போர்டுதான் என் ஆறு வருட உழைப்பு. வாங்கும் கம்பெனி இரண்டு முறை திருப்பி அனுப்பியது. இந்த முறையும் தேறாவிட்டால் என் பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு இதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

ஆலையில் நைட்ரஜன் அறை ஒன்று உண்டு. உலையிலிருந்து வரும் குழாய்கள் கறுக்காமல் ஆறுவதற்காக அந்த அறையில் நைட்ரஜனை நிரப்புவார்கள். நேரம் வந்ததும் உள்ளே இருக்கும் பெட்டி நைட்ரஜனை நிறுத்திக் காற்றை ஊதும். அடுத்த நிமிடம் வாசலில் இருக்கும் பெட்டி, உள்ளே போகலாம் என்று பச்சை விளக்கைப் போடும். இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். திங்கள்கிழமைதோறும் போனைப் பார்த்து இரண்டையும் சேர்த்து வைப்பது வழக்கம். உள்பெட்டியில் என் போர்டைப் பொருத்திய பிறகு, சோதனைக்காக இரண்டு மாதம் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஆரோக்கியராஜ் சோதனைப் பிரிவு இன்ஜினியர். "உங்க போர்டு ஏசி ரூம் மாப்பிள்ளை சார். அடுப்படிப் பக்கம் விட்டா வேலைக்கு ஆகாது" என்பார்.

அவர் சொன்னது சரி. உள்பெட்டி உலைச் சுவரை ஒட்டி இருந்தது. சூடு ஒரு பக்கமாக அடிக்கும்போது சுவர்ப் பக்கத்துக் கிரிஸ்டல் வேகும். தள்ளியிருக்கும் சென்சாருக்கு அவ்வளவு சூடு தெரியாது. போர்டு குறைவாகத் திருத்தும். தினமும் சில வினாடி பின்தங்கி, இரண்டு மாதத்தில் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. பச்சை எரியும்போது உள்ளே இன்னும் நைட்ரஜன்தான் இருக்கும், மூச்சுவிடக் காற்று இருக்காது.

இந்த ஏழு நிமிடக் கணக்கு எனக்கு மட்டும் தெரியும். பச்சை விழுந்ததும் ஆட்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். குழாய்களின் சூடு தணிய அரை மணி ஆகும். அதற்குள் உள்ளே காற்று வந்துவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அடிக்கும் அலாரம் பழுதுபார்க்கப் போயிருந்தது.

வாங்கும் கம்பெனியின் தர அதிகாரி வரவேண்டிய நாளில் ஆரோக்கியராஜ் வெப்பமானியோடு அந்த வாசலில் நின்றார்.

"சுவரு சூடா இருக்கும்போதே போர்டோட ரெண்டு பக்கமும் அளந்துடறேன் சார். அவர் வந்ததும் உள்ளத உள்ளபடி சொல்லிடுவோம்."

"கொஞ்ச நாள் பொறுங்க ராஜ். சரி பண்ணிடறேன்."

"நாளைக்கு யாராவது உள்ள மாட்டிக்கிட்டா? கோவிச்சுக்காதீங்க சார்."

பச்சை விளக்கு எரிந்தது. கதவில் கை வைத்தவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பெட்டியும் ஒரே நேரந்தானே காட்டுது?"

"காலையிலதான் சேத்து வெச்சேன். போயிட்டு வாங்க" என்றேன்.

கதவு தானாக மூடிக்கொண்டது.

மணப்பாறையில் அடக்கம் முடிந்தபின் அவர் மனைவி சகாயராணி, "ரொம்ப கஷ்டப்பட்டிருப்பாரா சார்?" என்று கேட்டார். நைட்ரஜனுக்கு வாசனை இல்லை, மூச்சு முட்டுவதும் தெரியாது, ரெண்டு மூச்சில் நினைவு தப்பிவிடும் என்று பொறுமையாக விளக்கினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று கதவுக் கண்ணாடி வழியாக ஆரோக்கியராஜ் முழங்கால் மடங்கி உட்கார்வதைப் பார்த்தேன். கதவை விரியத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்திருக்கலாம். எட்டும் தூரத்தில்தான் கிடந்தார். நான் நைட்ரஜன் வால்வு மூடும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். பச்சை எரிந்து ஆறு நிமிடம் கழித்து, என் கணக்குப்படி எப்போது மூட வேண்டுமோ அப்போதுதான் மூடியது.

கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் போர்டு பழுது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. சென்சாரைக் கிரிஸ்டலோடு ஒட்டி வைத்தால் போதும், தேறிவிடும். அந்தத் தர அதிகாரியிடம் நீங்களாவது சொல்லுங்கள். ஒரே ஒரு வாய்ப்பு கொடுக்கட்டும், அதே சுவரில் மாட்டிக் காட்டுகிறேன்.