அந்தோணியார் திருநாளுக்கு மறுநாள்

நினைவுநாள் சாப்பாடு போட வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பாயசத்தில் சர்க்கரையைக் குறைத்துப் போடுங்கள் என்பதுதான். செத்தவர் மேல் இருக்கும் பாசத்தையெல்லாம் பாயசத்தில் கொட்டிவிடுகிறார்கள். பரிமாறிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள். வயிறு கெட்டுக் கிடக்கும் பிள்ளைகளைக் கழுவித் துடைப்பது நாங்கள். இது என்ன சம்பந்தமில்லாத பேச்சு என்று பார்க்கிறீர்கள், ஐயா. சம்பந்தம் இருக்கிறது. எல்லாமே ஒரு நினைவுநாள் சாப்பாட்டால் வந்ததுதான்.

என் பெயர் பிளாரன்ஸ். பிள்ளைகள் பெரியம்மா என்பார்கள். கால் விளங்காதவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், யாருமே இல்லாதவர்கள் என்று எல்லோரையும் வைத்துப் பார்த்துவருகிறேன். கல்யாணம் கட்டிக்கொள்ள நேரமிருந்ததில்லை. இல்லம் நடக்கும் கட்டடம், ஒரு காலத்தில் சங்கு சேர்த்து வைத்திருந்த பழைய கிட்டங்கி. மழை பெய்தால் சுவரிலிருந்து இன்றைக்கும் சங்குச்சதை நாற்றம் வரும். அந்தக் காலத்துத் தேக்குப் பெட்டி ஒன்றும் கூடத்து மூலையில் கிடந்தது. உப்புக்காற்று அரிக்காமல் இருக்க உள்ளே தகரம் அடித்து, நன்கொடையாக வரும் துணிகளை அதில் போட்டு வைத்திருந்தேன். மூடினால் ஒரு பூச்சி உள்ளே போகாது.

இஞ்ஞாசியை அவன் அம்மா ஞானசௌந்தரி கொண்டுவந்து விட்டபோது அவனுக்கு ஐந்து வயதிருக்கும். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போயிருந்தன. அப்பன் கொழும்புக்குத் தோணியில் போனவன், தோணியோடு போய்விட்டான். அவள் உப்பளத்தில் உப்புச் சுமக்கிறவள். பிள்ளையை வீட்டில் யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? நான்தான் வாங்கிக்கொண்டேன். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்துவிடுவாள். முந்தானையில் பனங்கிழங்கு, கையில் ஏதாவது மிட்டாய். மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போவாள். அவள் போனதும் அவன் தரையில் தவழ்ந்தே கேட்டுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுவான். அவனைப் பார்த்து மற்றதுகளும் ஆரம்பிக்கும். ஒருவனுக்கு அம்மா வருகிற நாள், மற்ற எல்லோருக்கும் அம்மா வராத நாள். புதன்கிழமை வரைக்கும் வீட்டில் ஒரு பிள்ளை ஒழுங்காகச் சோறு தின்னாது. இதை ஞானசௌந்தரியிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"பெத்த வயிறு கேக்குமாம்மா?" என்றாள். நான் பெறாதவள். உள்ளே போய்விட்டேன்.

போன வருஷம், எழுபத்து நாலில், வாந்திபேதி வந்தது. வெளியாட்கள் யாரும் வரக்கூடாது என்று கேட்டைப் பூட்டினோம். செத்த பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரே குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். யாரை எங்கே வைத்தார்கள் என்று எனக்கே தெரியாது. இஞ்ஞாசியும் படுத்தான். கண் சொருகிவிட்டது. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தேன். அந்தோணியார் திருநாளுக்கு மறுநாள் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். அவனைப் பெற்றது அவள். பிழைக்க வைத்தது நான். இதையும் வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நோய் அடங்கிக் கேட்டைத் திறந்த அன்று காலையிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டு வீட்டாரிடம் அவர்கள் பிள்ளை போய்விட்டதைச் சொன்னேன். அடுத்து ஞானசௌந்தரி நின்றாள். "எம் மவன் எங்கம்மா?" என்றாள். அவளிடமும் அதையே சொன்னேன். வாய் அதே சொல்லில் இருந்தது. திட்டமெல்லாம் ஒன்றுமில்லை.

அவள் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "எந்த நாளும்மா? எங்கன புதைச்சிய?" என்று கேட்டாள். எந்த நாள் என்றால் ஒரு நாளைச் சொல்லத்தானே வேண்டும்? மனதில் இருந்தது ஒரே நாள்தான். அதைச் சொன்னேன். இடம் தெரியாது என்றேன், அது நிஜம்.

அதற்குப் பிறகு இல்லத்தில் வந்த அமைதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவனுக்கு ரோச் என்று பெயர் மாற்றினேன். கொள்ளைநோய்க்குக் காவலான புனிதரின் பெயர், பொருத்தமாகத்தான் இருந்தது. முதலில், "நான் இஞ்ஞாசில்லா?" என்று சிணுங்கிக்கொண்டிருந்தான். பழைய பிள்ளைகளில் மிஞ்சியவை பெரும்பாலும் வாய் பேசாதவை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் அவன் ரோச்தான். அம்மா கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அவனிடம் சொன்னேன். அப்பன் போன ஊர் ஆகையால் நம்பிவிட்டான். தூக்கத்தில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொள்வான். ஒரு வருஷம் நாங்கள் எல்லோரும் நன்றாக இருந்தோம்.

இந்த மே மாதம் ஞானசௌந்தரி வந்தாள். வருஷ நினைவுக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டுமாம். அரிசியாகக் கொடுத்துவிட்டுப் போ, நாங்களே ஆக்கிக்கொள்கிறோம் என்றேன்.

"இல்லம்மா, எங் கையால பரிமாறணும். புதைச்ச இடத்துல ஒரு மெழுகுதிரி கொளுத்தக்கூட எனக்குக் குடுத்து வைக்கல. இந்தப் பிள்ளைங்க தின்னா எம் மவன் தின்ன மாதிரி."

வேண்டாம் என்று எந்த இல்லத்தில் சொல்வார்கள்? பாயசத்தில் சர்க்கரையைக் குறைத்துப் போடு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவள் தெருவைத் தாண்டும் வரைக்கும் கேட்டருகிலேயே நின்றேன். அதுவரை பயம் என்றால் எனக்கு என்னவென்று தெரியாது, ஐயா. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. யாராவது கேட்டைத் தட்டினால் அவன் எங்கே இருக்கிறான் என்றுதான் முதலில் தேடினேன். அவள் இலை இலையாகக் குனிந்து பரிமாறிக்கொண்டே வருவாள், ஒரு இலையில் அவன் உட்கார்ந்திருப்பான். இதுவேதான் கண்ணில் நின்றது. தெரிந்தால் பிள்ளைகளையெல்லாம் என்னிடமிருந்து பிரித்து எங்கெங்கோ அனுப்பிவிடுவார்களே. நான் எங்கே போவேன்?

வண்டிக்கார வெள்ளத்துரையிடம், அன்று காலையில் ரோச்சை ஓட்டப்பிடாரத்தில் உன் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாயந்திரம் திருப்பிக் கொண்டுவா என்று சொல்லியிருந்தேன். முந்தின நாள் அந்தோணியார் திருநாளில் சுற்றிய அசதியில் வெள்ளத்துரை தூங்கிவிட்டான். மத்தியானம் வருவதாகச் சொன்ன ஞானசௌந்தரி முன்னதாகவே வந்துவிட்டாள். கச்சான் காற்றில் தூசி விழும், ஆறிப்போகும் என்று அவசரம். அடுக்களைப் பக்கம் அவள் குரல் கேட்டது. வெளியே போக வழி அது ஒன்றுதான்.

பிள்ளைகள் முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் இஞ்ஞாசியும் வடிவும் மட்டும். வடிவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அதனால் அவளை நான் பொருட்படுத்தவில்லை. பெட்டியிலிருந்த துணியை வாரி வெளியே போட்டுவிட்டு அவனைத் தூக்கினேன். சத்தம் போடாமல் இருந்தால் உன் அம்மாவைக் கூட்டிவருவேன் என்று காதில் சொன்னேன்.

"கொழும்புலருந்தா?" என்று அவனும் என் காதில் கேட்டான். ஆமாம் என்றேன். உள்ளே இறக்கியதும் அவனே கையால் காலை மடக்கி வைத்துக்கொண்டான். "இருட்டா இருக்குமே பெரியம்மா" என்று முணுமுணுத்தான். அவனுக்கு இருட்டென்றால் பயம். கொஞ்ச நேரம்தான் என்று சொல்லி மூடிக் கொண்டியைப் போட்டேன். பிறகு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஞானசௌந்தரி பரிமாறினாள். ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுவிட்டுத்தான் சோறு வைத்தாள். ரோச் வண்டியில் ஊருக்குப் போயிருக்கிறான் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். சாப்பிடும் முன் செத்தவர் பேரைச் சொல்லிப் பிள்ளைகள் செபிப்பது இல்லத்து வழக்கம். இஞ்ஞாசியின் ஆன்மா இளைப்பாற என்று அவளே கணீரென்று தொடங்கினாள். அப்போதுதான் எனக்குக் கீழே முதல் தட்டு கேட்டது.

அம்மாவின் குரல் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் போடாதே என்று சொல்லியிருந்ததால் கூப்பிடவில்லை, தட்டினான். மரத்தின் வழியாக என் உடம்பில் அது ஏறியது. இன்னொரு முறை சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளை ஏவினேன். "எம் மவனுக்காக எத்தன பிள்ளைங்க செபிக்குது" என்று ஞானசௌந்தரி அழுதாள். செபம் முடிந்தும் தட்டு நிற்கவில்லை. வடிவு தலையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"பெரியம்மா, பெட்டிக்குள்ள யாரோ தட்டுதாவ."

ஞானசௌந்தரிதான் அவள் கன்னத்தைத் தடவி, "எலியா இருக்கும், ஏளா. நீ சாப்பிடு" என்றாள்.

பிறகு எனக்கும் ஒரு இலையை என் மடியிலேயே கொண்டுவந்து வைத்து, நீங்கள் சாப்பிடாமல் நான் போகமாட்டேன் என்று எதிரே நின்றாள். சாப்பிட்டேன். இடையில் எங்கோ தட்டுவது மெலிந்து நின்றுபோயிற்று. சொன்ன பேச்சைக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பாயசத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. நான் சொன்னதை அவள் மறக்கவில்லை.

அவள் பாத்திரம் கழுவி, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். பிள்ளைகள் தூங்கப் போனார்கள். ஏன் உடனே திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். பயம்தான். அவன் செத்திருப்பானோ என்ற பயம் என்று எழுதினால் எனக்கு நல்லது. அது இல்லை. திறந்தால் கண்ணைத் திறந்து, அம்மா எங்கே என்று கேட்பானே என்ற பயம். வடிவு போய்ச் சமையல்கார மாசானத்திடம் சொல்லி, அவர் வந்து என்னைக் கையைப் பிடித்து எழுப்பும்வரை அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. உள்ளே வைத்தது நான். கொண்டி போட்டது நான். தட்டியது கேட்டது, திறக்கவில்லை. வடிவு சொன்னது அத்தனையும் சரி. நான் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அம்மாவைக் கூட்டிவருவேன் என்று அவனிடம் சொன்னேன், அவள் வந்தாள். அந்தோணியார் திருநாளுக்கு மறுநாள் உன் மகன் செத்துப்போனான் என்று அவளிடம் சொன்னேன். அவன் செத்தது எந்த நாள் என்று நீங்களே பாருங்கள்.